13 வயசுக்குக் கீழ் ஃபுட்பால் டீம்: பசங்க ஆளுக்கொரு குணம், எப்படிக் கையாளுறது?

கேள்வி: மண்கிரவுண்டு

எல்லாருக்கும் வணக்கம். சென்னை வியாசர்பாடி பக்கம் 13 வயசுக்குக் கீழ் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றோம். பசங்க 24 பேர், கோச் ரெண்டு பேர். வாரத்துல நாலு நாள், காலைல 6 மணிலேர்ந்து 7.15 வரைக்கும். மண் கிரவுண்டு, பாதி எங்களுக்கு, மீதிப் பாதில கிரிக்கெட் நடக்கும். பந்து 14, பிப் (டீம் பிரிக்க சட்டைமேல போடுற பனியன்) ரெண்டு கலர், கோன் வேணுங்கிற அளவு இருக்கு. கல்யாணபுரம், பி.வி. காலனி, முல்லை நகர்னு பல இடத்துப் பசங்க. ரெண்டு பேர் காசிமேட்டிலேர்ந்து வர்றாங்க.

ஆட்டம் கத்துக்கொடுக்கிறதுல சிக்கல் இல்ல, குணத்தைக் கையாளுறதுலதான் திணறுறோம். நல்லா ஆடுற 10-ம் நம்பர் பந்தை விடவே மாட்டேங்குறான், மத்தவன் தப்புப் பண்ணா கிரவுண்டே கேக்குற மாதிரி கத்துறான். இடது பக்கத் தடுப்புல ஆடுற லெஃப்ட் பேக் பையன் பிராக்டீஸ்ல பிரமாதம், மேட்ச்னா ஆளே காணாமப் போயிடுறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒருத்தன் வரிசைல நின்னா பக்கத்துல இருக்கிற நாலு பேரையும் சிரிக்க வெச்சு டிரில்லையே கெடுத்துடுவான். ஒருத்தனுக்கு மூக்கு மேல கோபம், ரெஃப்ரிகிட்ட போய் நிப்பான். கீப்பர் ஒரு கோல் விழுந்தா அழ ஆரம்பிச்சுடுறான், அதுக்கப்புறம் ரெண்டு மூணு சேர்ந்து விழும்.

ஆறு வாரத்துல டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஒரு செவன்ஸ் டோர்னமென்ட் இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்டிப்பா இருக்கணுமா, ஆளுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணுமா? ஆளுக்குத் தகுந்த மாதிரின்னா "அவனுக்கு மட்டும் ஏன் சார் அப்படி?"ன்னு மத்த பசங்க கேக்குறாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பதில்: பழைய ஸ்டாப்பர்

தம்பி, உங்க கடைசிக் கேள்விலேர்ந்து வர்றேன், ஏன்னா அது சரியாகலேன்னா மத்தது எதுவும் நிக்காது. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு பசங்க முடிவு பண்ணிட்டா நீங்க என்ன சொன்னாலும் ஏறாது. அதனால விதியையும் பேச்சையும் பிரிச்சு வெச்சுக்கோங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணு. பேசுற விதம் ஆளுக்கு ஆள் மாறலாம்.

விதி நாலு போதும். நேரத்துக்கு வரணும். கை நீட்டக் கூடாது. வீட்டுப் பொம்பளைங்களை இழுத்துத் திட்டக் கூடாது. முடிஞ்சதும் கோன், பிப், பந்து எல்லாத்தையும் எல்லாரும் சேர்ந்து எடுத்து வைக்கணும். மீறினா என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்லிடணும், அதுவும் சின்னதா இருக்கணும். லேட்டா வந்தா அப்ப நடக்கிற ஆட்டம் முடியுற வரைக்கும் வெளில நிக்கணும், அவ்வளவுதான், அறிவுரை கிடையாது. கெட்ட வார்த்தைக்கு 3 நிமிஷம் வெளில. கை நீட்டினா அன்னிக்கு மீதி ஆட்டம் கிடையாது, அடுத்த நாள் ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஆடணும். இது 10-ம் நம்பருக்கும் பொருந்தணும். நல்லா ஆடுறவன்மேல அதே விதி விழுறதை மத்த 23 பேரும் ஒரு தடவை நேர்ல பாத்துட்டா "அவனுக்கு மட்டும் ஏன்"ங்கிற கேள்வி பாதிக்கு மேல அடங்கிடும்.

தண்டனைக்கு ரவுண்டு ஓட விடாதீங்க. ஓட்டம்னாலே தண்டனைன்னு மனசுல பதிஞ்சுடும். அதே பசங்களை அடுத்த நாள் "பந்து போனா திரும்பி ஓடு"ன்னு சொன்னா எப்படி ஓடுவாங்க?

அடுத்தது, பசங்களுக்குப் பேர் வைக்கிறதை நிறுத்துங்க. சுயநலக்காரன், பயந்தவன், கோமாளின்னு கோச் மனசுல ஒரு பேர் விழுந்துட்டா, அதுக்கப்புறம் அதை மட்டும்தான் கண்ணு தேடும். ஒரு சின்ன நோட்டு வாங்கி ரெண்டு வாரம் எழுதுங்க: எப்ப நடந்துச்சு, என்ன டிரில் போயிட்டிருந்துச்சு, பக்கத்துல யாரு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. பிராக்டீஸ் முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுதணும், சாயந்திரம் உக்காந்தா ஞாபகம் மாறிடும்.

உங்க சிரிப்பு மூட்டுற பையன் விஷயத்துல இப்பவே ஒரு சந்தேகம். "வரிசைல நின்னா"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 24 பேருக்கு ரெண்டு வரிசை போட்டா ஒருத்தன் பந்தைத் தொட்டுட்டு அடுத்த தடவை தொட 11 பேர் முடிக்கணும். ஆளுக்கு 10 விநாடின்னு வெச்சாலும் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கிறான். 12 வயசுப் பையன் ரெண்டு நிமிஷம் சும்மா நின்னா பேசத்தான் செய்வான். அது அவன் குணம் இல்ல, வரிசையோட குணம். 25 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலத்துல மூணு சின்ன கிரவுண்டு கோன் வெச்சுப் பிரிங்க. டேப் இல்லேன்னா பெரிய காலடியா வெச்சு எண்ணிக்கலாம். ஒவ்வொண்ணுலயும் 4-க்கு 4. கோலுக்கு ரெண்டு கோன், நடுவுல 2 மீட்டர், கீப்பர் வேணாம். 24 பேரும் ஒரே நேரத்துல ஆடுவாங்க. 5 நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் தண்ணி, டீம் மாத்தி திரும்ப. கோச் ரெண்டு பேர் ரெண்டு கிரவுண்டுல நில்லுங்க. மூணாவது தானா ஓடும், அதுல ஸ்கோர் எண்ணி வந்து சொல்ற வேலையை அந்தச் சிரிப்புப் பையனுக்கே கொடுங்க.

நிறுத்திப் பேசுறது ஒரு தடவைக்கு 30 விநாடி. அதுக்கு மேல போனா நீங்க பேசுறீங்க, அவங்க மண்ணைக் கிளறுறாங்க.

பதில்: இடதுகால்

10-ம் நம்பர் பையனைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு: பந்தைக் காலோட உருட்டி ஆளைத் தாண்டுற டிரிப்ளிங்கை அடக்காதீங்க. நம்ம ஏரியாவை ஊரே குட்டி பிரேசில்னு கூப்பிடுறது சும்மா இல்ல. குறுகலான தெருவுல, நிறுத்தி வெச்ச ஆட்டோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஆடி வளர்ந்த கால் அது. இந்தியாவுக்கு ஆடின தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் வியாசர்பாடிதான். 2023 டூரண்ட் கோப்பைல மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0ன்னு ஜெயிச்ச மேட்ச்ல அந்த ஒரே கோல் நந்தகுமார் அடிச்சது. ஆளை எதிர்த்துத் தாண்டுற தைரியம் 12 வயசுல இருக்கிறதை நாமளே பிடுங்கிட்டா 17 வயசுல திருப்பிக் கொடுக்க முடியாது.

பாஸ் கொடுக்காததுக்கு மூணு காரணம் இருக்கலாம், மருந்து மூணுக்கும் வேற வேற. ஒண்ணு, தலை குனிஞ்சிருக்கு, ஆள் நிக்கிறதே தெரியல. ரெண்டு, தெரியுது, ஆனா கொடுத்தா திரும்பி வராதுன்னு நினைக்கிறான். மூணு, கோல் அடிச்சாதான் செலக்‌ஷன்னு வீட்டுலயோ தெருவுலயோ சொல்லி வெச்சிருக்காங்க. எதுன்னு கண்டுபிடிக்க ஒரு நாள் அவனை ரெண்டு வயசு பெரிய பசங்களோட 4-க்கு 4 ஆட விடுங்க. அங்க பாஸ் வந்துடுச்சுன்னா கண்ணு நல்லா இருக்கு, நம்பிக்கைதான் இல்ல. அங்கயும் வரலேன்னா பார்வை.

பார்வைக்கு: பந்து வாங்குறதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னாடி பாக்கப் பழக்கணும். அவனுக்குப் பின்னால 8 மீட்டர்ல நீங்க நின்னு ரெண்டு கலர் பிப்ல ஒண்ணைத் தூக்குங்க; பந்து காலுக்கு வர்றதுக்குள்ள கலரைச் சொல்லணும், சிவப்புன்னா இடது பக்கம் திரும்பணும், மஞ்சள்னா வலது பக்கம். ஒரு தடவைக்கு 6 பந்து, அதுக்கு மேல வேணாம், சலிச்சுடும். இதை எல்லாரும் செய்யணும், அவனை மட்டும் தனியா நிறுத்தி இல்ல.

நம்பிக்கைக்கு: 4-க்கு 4 ஆட்டத்துல கணக்கை மாத்துங்க. சாதா கோலுக்கு 1. ஒரு ஆளைத் தாண்டிட்டுக் கொடுத்த பாஸ்ல விழுந்த கோலுக்கு 3, அந்த 3 தாண்டினவன் பேர்லயும் அடிச்சவன் பேர்லயும் எழுதப்படும். அவனோட பலமே பாஸுக்கு வழி பண்ணும். இதுல ஒரு கோளாறு வரும்: பசங்க காலி கோல் இருந்தும் அடிக்காம 3-க்கு ஆசைப்பட்டு பாஸ் தேடுவாங்க. அதனால இந்தக் கணக்கு 6 நிமிஷம் மட்டும்; உடனே சாதாரண ஆட்டத்துக்கு மாறிடணும். பாஸ் அதுலயும் தொடருதான்னு அங்கதான் தெரியும்.

"அவனுக்கு மட்டும் ரெண்டு டச்" (ரெண்டு தடவை தொட்டதும் பந்தைக் கொடுத்துடணும்)ங்கிறது பெரும்பாலான கோச் செய்யுற காரியம், செய்யாதீங்க. எதிர் டீம் ரெண்டாவது டச்சுக்குக் காத்திருந்து பந்தைப் பறிக்கும், அவன் கோபம் கூடும், கூட இருக்கிறவங்க சிரிப்பாங்க. எல்லாருக்கும் ரெண்டு டச்னாலும் நஷ்டம்தான், கால் பழகாத பசங்க பந்தை வெச்சுக் கத்துக்கவே முடியாம போயிடும். அதுக்குப் பதிலா கிரவுண்டை மூணாப் பிரிச்சு, நம்ம கோல் பக்கம் இருக்கிற முதல் பகுதில எல்லாருக்கும் மூணு டச், கடைசிப் பகுதில எல்லாரும் எவ்வளவு வேணாலும் வெச்சுக்கலாம்னு வைங்க.

கத்துறதுக்கு: "கத்தாதே"ன்னா மொத்தமா வாயை மூடிடுவான், அதுவும் டீமுக்கு நஷ்டம். உதவுற வார்த்தை, தீர்ப்புச் சொல்ற வார்த்தைன்னு ரெண்டாப் பிரிச்சுக் காட்டுங்க. "ஆள் வர்றான்", "டைம் இருக்கு", "திரும்பு", "திரும்பக் கொடு" இதெல்லாம் எவ்வளவு சத்தமா வேணாலும் கத்தலாம். "உனக்குத் தெரியாதா", "நீ வேஸ்ட்" இதெல்லாம் கூடாது, வந்தா அந்த டீம் அடிச்ச கோல்ல ஒண்ணு கழியும். கூட ஆடுறவங்களே அவனை நிறுத்துவாங்க, நீங்க வாயைத் திறக்க வேண்டாம்.

பதில்: வடக்குவாசல்

பெண் பிள்ளைகள், பையன்கள் இரண்டு பேருக்குமே பயிற்சி கொடுக்கிறேன். பேசாத பிள்ளையைப் பற்றியும் கீப்பரைப் பற்றியும் சொல்கிறேன்.

"சத்தமாப் பேசு" என்று ஆயிரம் முறை சொன்னாலும் பேசாத பிள்ளை பேசாது. என்ன பேச வேண்டும் என்று அதற்குத் தெரியாது, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வேறு. மூன்றே சொல் கொடுங்கள். லெஃப்ட் பேக்குக்கு: ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் கிராஸ் வரும்போது "என்னோடது", ஸ்டாப்பருக்கு (நடுத் தடுப்பாளர்) பின்னால் ஆள் ஓடினால் "பின்னால", கீப்பர் பந்தைப் பிடித்ததும் "இங்க". ஒரு வாரத்துக்கு ஒரு சொல். முதல் சொல் பழகும் வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

வட்டமாக உட்கார வைத்துப் பொதுவில் கேள்வி கேட்டால் எப்போதும் பேசுகிற அதே நாலு பேர்தான் பதில் சொல்வார்கள். இரண்டிரண்டு பேராக 20 விநாடி பேசச் சொல்லி, "பக்கத்துல இருக்கிறவன் என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். தன் கருத்தைச் சொல்லக் கூச்சப்படுகிற பையன் அடுத்தவன் கருத்தைத் தாராளமாகச் சொல்வான். அவனிடம் நீங்கள் பேச வேண்டியதை நேருக்கு நேர் நிற்க வைத்துப் பேச வேண்டாம். கோன் பொறுக்கும்போது பக்கத்தில் நடந்துகொண்டே ஒரு வரி சொன்னால் போதும்.

மேட்சில் காணாமல் போகிறான் என்றால் உண்மையில் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் எதிராளிக்குப் பின்னால், பந்து வர முடியாத இடத்தில் நிற்பான். ஓடுவான், உழைப்பான், ஆனால் பந்து வராத இடமாகப் பார்த்து ஓடுவான். பந்து வந்தால்தானே தப்பு நடக்கும்! கீப்பர் கையில் பந்து இருக்கும்போது அவன் கோட்டை ஒட்டி விரிந்து நிற்கிறானா என்று மட்டும் ஒரு பாதி முழுக்க எண்ணுங்கள். அவனிடமும் அதை மட்டுமே கேளுங்கள்: "கீப்பர் பிடிச்சா கோட்டுக்குப் போ. பந்து வந்தாலும் சரி, வராட்டியும் சரி." பாஸ் தப்பினால் ஒரு வார்த்தையும் வேண்டாம். மேட்சுக்கு முன்னாலேயே "முதல் பாதி முழுக்க நீதான், நடுவுல எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடங்கள். முதல் தப்புக்கு வெளியே எடுத்தால் அடுத்த மேட்சில் இன்னும் ஆழமாக ஒளிவான். இடது பக்கத் த்ரோ முழுவதும் அவன் பொறுப்பு என்று வையுங்கள். பந்து கையில் இருக்கும்போது யாரும் பறிக்க முடியாது, நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வான்.

கீப்பர் அழுவது பலவீனம் இல்லை, அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு தெரிகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் கோல் விழுந்த பிறகு கையும் மனதும் வெறுமையாக இருக்கும் அந்த அரை நிமிடத்தை நிரப்பியாக வேண்டும். ஒரு வரிசை பழக்குங்கள்: வலையில் இருந்து பந்தைத் தானே எடுத்து நடுக்கோட்டுக்கு எறிய வேண்டும், இரண்டு கம்பத்தையும் கையால் தொட வேண்டும், இரண்டு முறை மூச்சை மெதுவாக விட வேண்டும், பிறகு ஸ்டாப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்ல வேண்டும். பயிற்சியிலும் ஒவ்வொரு கோலுக்கும் இதே. அந்த நேரத்தில் கோச் வெளியில் இருந்து ஒன்றும் சொல்லக் கூடாது, "பரவால்ல டா" கூட வேண்டாம். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அது இன்னும் உறுத்தும். எந்த கோல் யார் விட்டது என்ற பேச்சு அடுத்த பயிற்சி நாளில். பெரும்பாலான கோலில் கீப்பருக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் தவறியிருப்பார்கள், அதை மண்ணில் வரைந்து எல்லாருக்கும் காட்டுங்கள்.

குணம் என்று முடிவு கட்டும் முன் வயிற்றைப் பாருங்கள். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் அதிகம். காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். வீட்டில் அந்தத் தொழில் இருந்தால் பிள்ளையின் தூக்கமும் கலைந்துதான் இருக்கும். 6.40-க்கு மேல் மட்டும் எரிந்து விழுகிறான் என்று உங்கள் நோட்டு காட்டினால் அது கோபம் இல்லை, பசி. பயிற்சிக்கு முன் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். இதைச் செய்து பார்த்த பிறகு மீதி இருப்பதைக் குணம் என்று சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை திடீரென்று மாறினால், முன்பு பேசியது இப்போது ஒடுங்கிவிட்டால், உடம்பில் காயம் தெரிந்தால், அதைக் கோச்சிங் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம்.

பதில்: மண்கிரவுண்டு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வரிசை விஷயம் சரியாப் பிடிச்சீங்கண்ணா. மேடம் சொன்ன 6.40 கணக்கை நோட்டுல குறிச்சுப் பாக்குறேன்.

இன்னும் ரெண்டு. கோபக்காரப் பையனுக்கு கேப்டன் பட்டை கொடுத்தா பொறுப்பு வந்துடும்னு கூட இருக்கிற கோச் சொல்றார், சரியா? அவனோட அப்பா கோட்டுக்குப் பக்கத்துலயே நின்னு "விடாதடா, அடிடா"ன்னு கத்துறார், அவர்கிட்ட எப்படிப் பேசுறது? அப்புறம் ஒரே தெருப் பசங்க தங்களுக்குள்ளயே பாஸ் பண்ணிக்கிறாங்க, அதையும் சொல்லுங்க.

பதில்: விசில்

ரெஃப்ரி பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வார்த்தையாலோ சைகையாலோ எதிர்ப்புக் காட்டினால் மஞ்சள் அட்டை. இழிவான, வசை வார்த்தை என்றால் நேரே சிவப்பு. சிவப்புக்கு மாற்று ஆள் கிடையாது, டீம் ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். செவன்ஸில் ஓர் ஆள் போனால் ஆட்டமே சாயும். இளையோர் போட்டிகளில் எதிர்ப்புப் பேச்சுக்குத் தற்காலிகமாக வெளியேற்றும் முறையும் விதியில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் டோர்னமென்டில் அது உண்டா, எத்தனை நிமிடம், வெளியே போனவர் திரும்ப வரலாமா என்று முதல் மேட்சுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: 2019 முதல் பெஞ்சில் இருக்கும் கோச்சுக்கும் அட்டை காட்டலாம். கோச் கையை உதறிக் கத்தினால் அடுத்த நிமிடமே பையன் அதைச் செய்வான். அவனைத் திருத்தும் முன் பெஞ்சைப் பாருங்கள்.

கோபம் ரெஃப்ரியிடம் வந்து முடிகிறது, ஆனால் தொடங்குவது அதற்கு முன்னால். காலுக்கு நடுவில் பந்து போனதும் கூட்டம் சிரிக்கும், அல்லது இரண்டு முறை தள்ளப்பட்டும் விசில் வராது, மூன்றாவதில் வெடிப்பான். எது தூண்டுகிறது என்று தெரிந்தால் அதையே பயிற்சியில் கொண்டுவரலாம். 6 நிமிட ஆட்டம் ஒன்று வையுங்கள், அதில் கோச் வேண்டுமென்றே தப்பான தீர்ப்பு கொடுப்பார். ஆனால் "இந்த ஆட்டத்துல தப்பான விசில் வரும்" என்று முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் கோச்சின் நேர்மை மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும், அதைத் திரும்பச் சம்பாதிப்பது கடினம். விசிலுக்குப் பிறகு 5 விநாடிக்குள் தன் இடத்துக்குத் திரும்பியவர்களுக்குத்தான் புள்ளி. ரெஃப்ரியிடம் போகிறவனுக்கு 5 விநாடி தானாகவே கடந்துவிடும்.

மேட்சில் அவனோடு ஒரு சைகை ஒப்பந்தம் வேண்டும். நீங்கள் உள்ளங்கையைக் காட்டினால் அவன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். குனிந்து முடிச்சுப் போடுவதற்குள் மூச்சு அடங்கும், எதிராளியின் முகமும் கண்ணில் படாது. அதற்கும் அடங்கவில்லை என்றால் 3 நிமிடம் வெளியே. இது தண்டனை இல்லை என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முதல் நிமிடம் தண்ணீர் மட்டும், பேச்சு வேண்டாம். கோபத்தில் இருக்கிறவன் காதில் எதுவும் விழாது. இரண்டாவது நிமிடம் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி: "அவங்க ரைட் விங் எந்தப் பக்கம் திரும்புறான்?" மூன்றாவது நிமிடம் முடிந்ததும் உள்ளே. திரும்ப இறக்காமல் விட்டால் அந்த ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

கேப்டன் பட்டை மருந்து இல்லை. கோபக்காரனுக்குக் கொடுத்தால் ரெஃப்ரியிடம் வந்து பேசுவதற்கு உரிமைச் சீட்டு கொடுத்த மாதிரி ஆகிவிடும். மற்ற பையன்கள் ஆட்டம் நடுவில் சிக்கிக்கொண்டால் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள், அவன்தான் கேப்டன். பெரும்பாலும் அது நன்றாக ஆடுகிறவனும் இல்லை, சத்தம் போடுகிறவனும் இல்லை. கோபக்காரனுக்கு வேறு வேலை கொடுங்கள்: கார்னர் வரும்போது எதிர் டீமின் உயரமான ஆளைப் பிடிப்பது அவன் பொறுப்பு. அந்தச் சூட்டுக்கு அங்கே வேலை இருக்கிறது.

பதில்: பழைய ஸ்டாப்பர்

அப்பா விஷயம். மேட்ச் அன்னிக்குப் பேசாதீங்க, பத்து பேர் முன்னாடி எந்த அப்பாவும் இறங்கி வரமாட்டார். வார நாள்ல, பையன் இல்லாத நேரமாப் பாத்து, டீக்கடைலயோ வீட்டு வாசல்லயோ. "அண்ணா, நீங்க கத்தும்போது பையன் பந்தைப் பாக்காம உங்களைப் பாக்குறான்"னு மட்டும் சொல்லுங்க. அடுத்த மேட்ச்ல ஒரு போன் எடுத்து பந்தை விட்டுட்டு அந்தப் பையனை மட்டும் அஞ்சு நிமிஷம் வீடியோ பிடிங்க, ஒவ்வொரு கத்தலுக்கும் தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு அவரே பாக்கட்டும். நீங்க விளக்கவே வேண்டாம்.

அப்புறம் அவருக்கு வேலை கொடுங்க. ஒரு அட்டை, ஒரு பேனா. பையன் பந்து வாங்குனது எத்தனை, நம்ம ஆளுக்கே போய்ச் சேர்ந்தது எத்தனை, பந்து போனதும் திரும்பி ஓடுனது எத்தனைன்னு கோடு போடணும். கணக்கு எழுதுறவர் கத்த முடியாது. ராத்திரி சாப்பிடும்போது "ஏன்டா கோல் அடிக்கல"ங்கிறதுக்குப் பதிலா வேற பேச்சு வரும். எல்லாப் பெத்தவங்களையும், தெரு அண்ணன்மார்களையும் கோட்டிலேர்ந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி அதுக்குப் பின்னால, பெஞ்சுக்கு எதிர்ப்பக்கமா நிறுத்துங்க. அண்ணன்மார் கலாய்க்கிறதுதான் அப்பாவோட கத்தலைவிட பசங்களைக் குத்தும், அதைச் சாதாரணமா விட்டுடாதீங்க.

தெருப் பாசத்துக்கு: பசங்களையே டீம் பிரிக்க விடக் கூடாது. முதல் நாள் ராத்திரியே பட்டியல் எழுதிடுங்க. காலைல வார்ம்-அப்லேர்ந்தே கலந்த ஜோடி; ஃபிஃபா 11+ கிட்ஸ்ங்கிற, பசங்களுக்கு அடிபடாம இருக்கச் செய்யுற வார்ம்-அப்ல ஜோடியாச் செய்யுற பயிற்சி இருக்கு, ஒற்றைக் கால்ல நிக்கிறதுல அடுத்த தெருப் பையனோட விடுங்க. அப்புறம் 10 நிமிஷ ஆட்டத்துல உதவிக் கோச் ரெண்டு பத்திதான் எழுதணும்: சொந்தத் தெருவுக்குப் போன பாஸ், வேற தெருவுக்குப் போன பாஸ். பசங்ககிட்டக் காட்ட வேண்டாம், திட்டவும் வேண்டாம், உங்களுக்குத்தான் அது. ரெண்டு வாரம் கலந்து ஆடின பிறகு அதே கணக்கை மறுபடி எடுங்க. மாறலேன்னா பாசம் இல்ல, நிக்கிற இடம்: ஒரே தெருப் பசங்களை ஒரே பக்கத்துலயே நிறுத்தியிருப்பீங்க, லெஃப்ட் பேக்கும் லெஃப்ட் விங்கும் ஒரே வீட்டு வாசல் பசங்களா இருந்தா பாஸ் அங்கதான் போகும்.

பதில்: வடக்குவாசல்

டோர்னமென்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. 24 பேரில் அணிக்கு 12 பேர் என்று வைத்துக்கொண்டால், குணப் பிரச்சினை அதிகம் வெடிப்பது அந்தப் பட்டியல் படிக்கிற நாளில்தான். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று இப்போதே, ஆறு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்: வருகை, நாலு விதி, ஆட்டம். இடம் கிடைக்காத பிள்ளையிடம் தனியாக, பட்டியல் எல்லாருக்கும் தெரியும் முன்பே சொல்ல வேண்டும். இடம் கிடைக்காத அந்த 12 பேருக்கும் அதே வாரத்தில் பக்கத்து டீமோடு ஒரு மேட்ச் வையுங்கள், அதே பிப், அதே விசில்.

நேரக் கணக்கும் முன்பே போடுங்கள். 15 நிமிடம் இரண்டு பாதி என்றால் ஏழு பேருக்கு 210 நிமிடம். கீப்பர் முழு ஆட்டமும் நின்றால் மீதி 180 நிமிடத்தை 11 பேர் பங்கிட வேண்டும், ஆளுக்கு 16 நிமிடம் சொச்சம். யார் எந்த நிமிடத்தில் உள்ளே, யார் வெளியே என்று காகிதத்தில் எழுதி பெஞ்சில் ஒட்டுங்கள். ஒருவர் ஸ்கோரைப் பார்த்துப் பதறினாலும் காகிதம் பதறாது. உள்ளே போகக் காத்திருக்கிற பையன்கள் சும்மா உட்கார வேண்டாம். தான் யார் இடத்துக்குப் போகிறானோ அந்த இடத்தில் எதிராளி எந்தக் காலால் ஆடுகிறான் என்று பார்த்து, உள்ளே இறங்கும் முன் உங்களிடம் சொல்ல வேண்டும்.

பதில்: மண்கிரவுண்டு

குறிச்சுக்கிட்டேன் மேடம். செவ்வாய்க்கிழமை பசங்களை உக்கார வெச்சு நாலு விதியையும் தேர்வு முறையையும் சேர்த்துச் சொல்லிடுறோம். அப்பாகிட்ட இந்த வாரத்துல ஒரு வார நாள்ல பேசுறேன். கடலை மிட்டாய்க்கு மூலக்கடைல மொத்தமா வாங்க ஆள் பாத்துட்டேன்.

பதில்: இடதுகால்

செவ்வாய்க்கிழமை அதைச் சொல்றதை ஆட்டம் முடிஞ்சு வெக்காதீங்க, ஸ்கூலுக்கு நேரமாகுதுன்னு பாதிப் பேர் பையை மாட்டிட்டு நிப்பாங்க. 6.10-க்கு, முதல் ஆட்டத்துக்கு முன்னாடி, நின்னபடியே ரெண்டு நிமிஷம். முடிஞ்சதும் உடனே பந்தை உருட்டி விட்டுடுங்க.